எட்டுக்கால் பூச்சியின் கண்ணில் என் இட்லித் துணி

என் மகளுக்கு மாமியாராக வாய்த்து, எனக்கு வேறு சம்பந்தி இல்லாததால் எனக்கும் ஒரே ஒருத்தியாக இருந்துவிட்டுப் போன அருமைக் கஸ்தூரி சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. நீங்கள் எடுத்த பூச்சிப் படங்களை எல்லாம் சேர்த்து, நினைவு நாளன்று கொடுக்கச் சின்னதாக ஒரு புத்தகம் அச்சடிக்கிறார் உங்கள் பிள்ளை, என் மாப்பிள்ளை முரளி. அதில் நானும் எழுத வேண்டும் என்று சுமதி வந்து நின்றாள். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா, போதும்" என்றாள். நல்லதை மட்டும் எழுத வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேள் என்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்கு மறதி கிடையாது. அதை அனுபவித்தவர் நீங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. முடிச்சூர் வீட்டுக்குள் இந்த மழைக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளை உங்கள் கட்டிலில் யாரையும் படுக்க விடுவதில்லை, என்னையும்தான். சுமதிக்குக் காதோரம் நரை தெரிகிறது. சாயம் பூசாதே என்று அத்தை சொல்லியிருக்கிறார்களாம், அதனால் பூசமாட்டாளாம். பெற்றவள் சொன்னதை அவள் என்றைக்குக் கேட்டாள்?

சமையலறை ஜன்னல் மூலையில் அந்த எட்டுக்கால் பூச்சியும் இருக்கிறது. அதேதானா, அதன் மகளா, எனக்கு எப்படித் தெரியும்? அது இருந்த இடத்தில் ஒன்று இருக்கிறது.

அந்த மூலையை வைத்து நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நம்முடைய முதல் சண்டை அது இல்லை. முதலாவது கல்யாணப் பந்தியில். "பாயசம் கொஞ்சம் தண்ணியா இருக்கோ" என்று பக்கத்து இலைக்காரியிடம் சொன்னீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் அப்பளக் கூடையோடு நின்றிருந்தேன். இரண்டாவது, கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைக்காமல் போனில் சொன்னது. மூன்றாவதுதான் இந்த ஜன்னல்.

பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடிக்கலாம் என்று குச்சியை எடுத்தேன். அடுப்பைவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"சம்பந்தி, நிறுத்துங்க. அதோட வீட்டைக் கலைக்காதீங்க."

"எதோட வூட்டை? இது என் பொண்ணு வூடு."

"உங்க பொண்ணு இந்தச் சமையல்ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடியே அது வந்துடுச்சு."

அத்தோடு விடாமல் கேமராவைக் கொண்டுவந்து அதன் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினீர்கள். மாப்பிள்ளை வேண்டாமென்று தூக்கிப் போட்ட பழைய கேமரா. அதன் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தீர்கள். அப்படி மாட்டினால் கடுகு பூசணிக்காய் மாதிரித் தெரியுமாம், ஆனால் பூச்சியின் மேல் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போக வேண்டுமாம். திரையில் பார்த்தேன். அந்தப் பூச்சிக்கு முகம் இருந்தது. முகம் இருக்கிறது என்று தெரிந்துபோன பிறகு குச்சியை எப்படி வீசுவது? என் வேலையைக் கெடுத்தீர்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மழையில்தான் அந்த விஷயம் நடந்தது. முடிச்சூரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, நீங்கள் எல்லாரும் இரும்புலியூரில் என் மாடி வீட்டுக்கு வந்து தங்கினீர்கள். தினம் காலையில் இட்லி ஊற்றினேன். இட்லி மெத்தென்று இருக்கிறது என்று நீங்கள் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. ஆனால் நான் இட்லித் துணியை அலசிக் காயப்போடும்போது மட்டும் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். "சோப்புப் போடமாட்டீங்களா?" என்று கேட்டீர்கள். "போட்டா இட்லியில வாசனை வரும். பச்சத் தண்ணிதான், அப்புறம் வெயிலு" என்றேன். வெயிலில் தூக்கிப் பிடித்து அந்தத் துணிக்குள்ளே பார்த்தீர்கள். எதற்குப் பார்க்கிறீர்கள் என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

படிக்கிறவர்களுக்கு இட்லித் துணி என்றால் வெறும் துண்டுத் துணி. அது என் வீட்டுக்காரர் கட்டிய வேட்டி. அவர் போன பிறகு கிழித்து வைத்துக்கொண்டேன். அதில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். அலசி அலசிப் பூப்போல ஆகியிருந்தது. ஒருமுறை நடுவில் கிழிந்துவிட்டது. கைக்குக் கிடைத்த சிவப்பு நூலால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தடிப்பாகத் தைத்தேன். அந்தத் தையலோடுதான் அது கொடியில் கிடந்தது. தண்ணீர் வடிந்து நீங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போன அன்றைக்குக் கொடியில் இல்லை.

போன் போட்டேன். "ஒண்ணு காணோம் சம்பந்தி" என்றுதான் சொன்னேன். "துணிதானே, போனாப் போகட்டும். புதுசா மல் துணி வாங்கித் தரேன்" என்றீர்கள். நான் துணி என்று சொல்லவே இல்லை. காணாமல் போனது கரண்டியாக இருக்கலாம், குழிப்பணியாரச் சட்டியாக இருக்கலாம். துணி என்று உங்களுக்கு யார் சொன்னது? சுமதியிடம் கேட்டேன். "அத்தை போய் உன் இட்லித் துணியை எடுப்பாங்களா? காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்மா" என்றாள். காக்காய் எதற்கு இட்லித் துணியை எடுக்கிறது? அது என்ன, சட்டினி அரைத்து வைத்திருக்கிறதா?

அன்றிலிருந்து உங்கள் மேல் கண் வைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் விடிந்தும் விடியாமலும் பையை மாட்டிக்கொண்டு, வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். பூச்சிப் படம் எடுக்கிற கூட்டத்தோடு காட்டுக்குப் போவதாக வீட்டில் பேச்சு. பென்ஷன் வாங்குகிற மனுஷி முள்ளுக்குள்ளே போய் எட்டுக்கால் பூச்சியைப் பார்ப்பாளா? படப்பைப் பக்கம் யாருக்கும் தெரியாமல் மனை பார்க்கிறீர்கள் என்று என் மனதில் ஒரு முடிவு. ஒரு சனிக்கிழமை முடிச்சூரில் வந்து படுத்தேன். மறுநாள் நீங்கள் ஏறின ஆட்டோவுக்குப் பின்னால் இன்னொரு ஆட்டோவில் ஏறினேன்.

"முன்னாடி போற ஆட்டோவை விடாத" என்றேன் டிரைவரிடம்.

"யாரும்மா அது, உன் மருமவளா?"

"சம்பந்தி."

"அப்ப சரி. கண்டிப்பா புடிச்சிடலாம்" என்றான். அவன் வீட்டிலும் ஒரு சம்பந்தி இருந்திருக்க வேண்டும்.

ஆட்டோ படப்பைப் பக்கம் திரும்பவில்லை. வண்டலூர் காட்டு ஓரத்தில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் உள்ளே போனீர்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் வந்தேன். காரைமுள் காலைக் கிழித்தது. ஒரு வளைவு திரும்பினால் சருகுக்கு மேலே குப்புறக் கிடக்கிறீர்கள். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எனக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவு பேச்சு பாக்கி இருக்கும்போது விழுந்துவிட்டாளே என்று ஓடி வந்தேன்.

"சம்பந்தி, இன்னா ஆச்சு?"

நீங்கள் தலையைத் திருப்பவே இல்லை. "மூச்சு விடாதீங்க. குதிச்சுடும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் தலைக்கு அந்தப் பக்கம் ஒரு காய்ந்த இலை. அதன் மேலே அரிசி அளவுக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி, வலை கட்டாமல் குதித்து இரை பிடிக்கிற ஜாதி. அது ஓடவில்லை. உங்களைப் பார்த்தது, பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பூச்சி ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்து அன்றைக்குத்தான் நான் கண்டேன். நீங்கள் கேமராவில் இரண்டு மூன்று தரம் வெளிச்சம் அடித்தீர்கள். அது காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாவிப் போய்விட்டது.

"பின்னாடியே வந்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

"காத்து வாங்க வந்தேன்."

"வண்டலூருக்கா?"

"எங்க ஊர்ல காத்து இல்ல."

சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த வட்டமான வெள்ளைச் சாமான் ஒன்றை முந்தானையால் மூடிப் பைக்குள் திணித்தீர்கள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். திரும்பி வரும்போது ஒரே ஆட்டோவில் வந்தோம். வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். கேட்காமலே எதற்கு இளநீர் என்று அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் குடித்தேன்.

அப்புறம் நீங்கள் போய்விட்டீர்கள். யாரிடமும் சொல்லாமல், மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டு. மாப்பிள்ளை மனசு உடைந்து, உங்கள் கேமராவையும் பையையும் உங்கள் கூட்டத்துத் தலைவர் தியாகு சாரிடம் கொடுத்துவிட்டார். படமெல்லாம் அதிலேயே இருந்தது. யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று நான் சுமதியிடம் கத்தினேன். "அவர் நல்லவர்மா" என்றாள். நல்லவர் என்று ஒருவரைச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ் ஹாலில் அந்தக் கூட்டத்தார் படம் மாட்டி வைத்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். உங்களுக்கென்று ஒரு மூலையில் மேஜை. மாலை போட்ட உங்கள் போட்டோ, கேமரா, குடை, பை. சுவரில் நீங்கள் எடுத்த இரண்டு மூன்று பட்டாம்பூச்சி, ஒரு தும்பி, எல்லாம் சின்னச் சின்னதாக. நுழைகிற இடத்தில் கதவு அளவுக்கு ஒரு படம் தொங்கியது. அந்தக் குதிக்கிற எட்டுக்கால் பூச்சி. காய்ந்த இலை. தலையைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. கீழே தியாகு சார் பேர்.

இந்தப் பூச்சியை எனக்குத் தெரியும் என்றேன் சுமதியிடம்.

"எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"உனக்கு இருக்கும். என்னை அது பாத்துச்சு."

கிட்டே போய்ப் பார்த்தேன். முன்னால் நாலு கண், நடுவில் இரண்டு பெரிது. கறுப்புக் கண்ணாடி மாதிரி அந்த இரண்டும் பளபளத்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளையாக ஒரு வட்டம், நிலா மாதிரி. அந்த வட்டத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி.

சம்பந்தி அம்மா, அது என் தையல்.

பக்கத்தில் தியாகு சார் எடுத்த வேறு படங்கள் இருந்தன. அவற்றின் கண்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெளிச்சம் ஜன்னல் மாதிரிச் சதுரமாக விழுந்திருந்தது. வட்டமும் இல்லை, பெருக்கலும் இல்லை. சுமதியை இழுத்துக் காதில் சொன்னேன். அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதை இங்க சொல்லாத. சொன்னா அத்தை உன் துணியைத் திருடினதாதானே ஆகும்? மாலை போட்டு வச்சிருக்காங்க. இத்தனை பேர் முன்னாடி அவங்க பேரு கெடணுமா?"

சொல்லாவிட்டால் படம் இன்னொருத்தன் பேரில் தொங்கும். சொன்னால் உங்கள் பேருக்குப் பழி. இத்தனை வருஷமாக இதைச் சொல்ல ஒரு சபை கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். சபை கிடைத்தது. வாய் வரவில்லை. மேஜையில் உங்கள் போட்டோவைப் பார்த்தேன். நீங்கள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்றைக்குக் காட்டில் வெள்ளைச் சாமானைத் திணித்தீர்களே, மேஜையில் இருந்த அந்தப் பையைத் திறந்தேன். உள்ளே கை விட்டதும் தட்டுப்பட்டது. துணியில் பூ வேலை செய்ய மாட்டுவார்களே, அந்த மர வளையம். அதில் இறுக்கிப் பூட்டியபடி என் இட்லித் துணி. எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய படத்துக்குப் பக்கத்தில், டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை வட்டம், வெளிச்சத்துக்கு எதிரில் சிவப்பு நூல் கறுத்து, நடுவில் பெருக்கல். பூச்சியின் கண்ணில் இருந்தது அப்படியே என் கையில் இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தியாகு சார் வந்தார்.

"இன்னா சார் இது, உங்க பூச்சி கண்ணுல என் இட்லித் துணி கீது?"

அவர் படத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "இது கஸ்தூரி மேடம் யூஸ் பண்றது. ஃபிளாஷ் வெளிச்சம் சுள்ளுனு அடிக்காம இருக்க முன்னாடி பிடிப்பாங்க. உங்களுதா?"

"என் வூட்டுக்காரர் வேட்டி. என் தையல். கொடியில கெடந்தது, சம்பந்தி எடுத்துக்கினாங்க. கேக்கல, கொள்ளல."

சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். தியாகு சார் குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா, போனவங்களைப் போய்த் திருடின்னு சொல்றீங்களே."

"எடுத்தாங்கன்னுதான் சொன்னேன். திருடினது யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. எல்லார் படத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார்களாம், பேர் போடும்போது மாறிப்போய்விட்டதாம். இருக்கலாம். கதவு அளவுக்குப் பெரிதாக்கின படம் யாருடையது என்று தனக்கே தெரியாமலா மாட்டினார்? அதை நான் இன்னும் நம்பவில்லை. அவருக்கு இந்தப் புத்தகம் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன், படித்துக்கொள்ளட்டும். ஆனால் எல்லார் முன்னாலும் தன் பேர் எழுதின அட்டையைக் கிழித்து, வேறு அட்டையில் 'கஸ்தூரி' என்று பெரிதாக எழுதி ஒட்டினார். அதை மறைக்கமாட்டேன்.

ஒட்டிவிட்டு வந்து இன்னொன்று சொன்னார். அதற்குத்தான் எனக்கு இன்றைக்கு வரை தூக்கம் கெடுகிறது. "மேடம் தெர்மகோல் வச்சுப் பார்த்தாங்க, பட்டர் பேப்பர் வச்சுப் பார்த்தாங்க, எதுவும் சரியா வரலை. இந்தத் துணி வந்தப்புறம் வேற எதையும் தொடலை. வெளிச்சத்தைப் பால் மாதிரி ஊத்துதுன்னு சொல்வாங்க. எங்க யாரையும் தொட விடமாட்டாங்க. நாங்க அழுக்காயிருக்குன்னு துவைக்க எடுத்தாக்கூட, சோப்புப் போடக்கூடாது, பச்சைத் தண்ணிதான், அப்புறம் வெயில்தான்னு பிடுங்கிடுவாங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டா, தெரிஞ்சவங்க ஒருத்தர்னு சிரிப்பாங்க."

தெரிஞ்சவங்க ஒருத்தர். என் பேரைச் சொன்னால் வாய் வலித்திருக்குமா?

ஏன் கேட்காமல் எடுத்தீர்கள் என்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் உங்களிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்கமாட்டேன். அவர் வேட்டியை எட்டுக்கால் பூச்சிக்கா என்று கேட்டு விரட்டியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தவர் வேறு யாரும் இப்போது இல்லை.

அந்தப் படத்தை இந்தப் புத்தகத்துக்கு அட்டையில் போடச் சொல்லிவிட்டேன். நேற்றுக்கூட சுமதியின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை வட்டத்துக்கு ஓரத்தில் கறுப்பாக, நெட்டையாக ஒன்று நிற்கிறது. மரமாக இருக்கும் என்கிறாள் சுமதி. அங்கே அவ்வளவு கிட்டே மரம் எதுவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் ஒருத்திதான்.

உங்கள் பை, கேமராவோடு துணியையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டேன். இட்லித் தட்டில் விரித்தும் பார்த்தேன். மாவுக் கரண்டி கையில் இருக்கிறது, ஊற்ற வரவில்லை. மறுபடியும் வளையத்தில் பூட்டி, உங்கள் பையிலேயே வைத்து, பையை முடிச்சூரில் உங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை இனி அதை யாருக்கும் தரமாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது இரவல். நான் இருக்கிற வரைக்கும் உங்கள் பேர் எந்தப் படத்துக்குக் கீழேயும் மாறாமல் பார்த்துக்கொள்வேன், அந்த ஜன்னல் மூலையில் ஒட்டடைக் குச்சி படாமலும் பார்த்துக்கொள்வேன். இது நான் கொடுக்கிற வாக்கு. அப்புறம் ஒரு நாள் நேரில் வந்து என் துணியைக் கேட்பேன். அன்றைக்காவது, எடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்குப் பெண்ணையும், கேட்காமலே ஒரு துணியையும் கொடுத்தவள்,
சம்பந்தி அஞ்சலை,
இரும்புலியூர்.